குடிமைப் பணி முதன்மைத் தேர்வு: எதைப் படிப்பது, எங்கிருந்து தொடங்குவது

ஒன்றிய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் முதலில் கேட்பது, எந்தப் புத்தகத்தை வாங்க வேண்டும் என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: நான் எந்தத் தேர்வுக்காகப் படிக்கப்போகிறேன்? இத்தேர்வு மூன்று நிலைகளைக் கொண்டது. முதல்நிலைத் தேர்வில் விடையைக் குறிக்கும் வகையில் தலா 200 மதிப்பெண் கொண்ட இரண்டு தாள்கள் உள்ளன. ஆனால் அந்த மதிப்பெண் எதுவும் இறுதித் தரவரிசையில் சேராது. அது ஒரு சல்லடை மட்டுமே. தரவரிசையைத் தீர்மானிப்பவை 1,750 மதிப்பெண் கொண்ட முதன்மை எழுத்துத் தேர்வும் 275 மதிப்பெண் கொண்ட ஆளுமைத் தேர்வும் (நேர்முகத் தேர்வு) ஆகும். மொத்தமான 2,025-இல் ஏறத்தாழ ஏழில் ஆறு பங்கு எழுத்துத் தேர்வில் இருக்கிறது. ஆகவே படிப்பை முதன்மைத் தேர்விலிருந்து தொடங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது. முதல்நிலைத் தேர்வுக்குத் தேவையானவற்றில் பெரும்பகுதி அந்தப் படிப்புக்குள்ளேயே அடங்கிவிடும். முதல்நிலைக்காக மட்டும் படித்தவர், அதில் வெற்றி பெற்ற பிறகு எழுதத் தெரியாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தொடங்கும்போதே மனத்தில் பதிய வேண்டிய இன்னொரு கணக்கும் உண்டு. 2023-ஆம் ஆண்டுத் தேர்வில் பொதுப் பிரிவில் ஆளுமைத் தேர்வுக்கு அழைக்கப்பட எழுத்துத் தேர்வில் தேவைப்பட்ட மதிப்பெண் 1,750-க்கு 741. இறுதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் கடைசியாக நின்றவர் பெற்றது 2,025-க்கு 953. அதாவது பாதி மதிப்பெண்கூடத் தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் அறிந்தவரை இத்தேர்வு தேடவில்லை. ஒவ்வொரு கேள்விக்கும் பொருத்தமான, ஒழுங்கான, முழுமையான விடையை உரிய நேரத்துக்குள் எழுதக்கூடியவரைத்தான் தேடுகிறது.

தாள்களின் அமைப்பு

முதன்மைத் தேர்வில் ஒன்பது தாள்கள் உள்ளன. அனைத்தும் விரிவாக எழுத வேண்டியவை. அவற்றில் இரண்டு மொழித் தாள்கள். ஒன்று அரசமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் நீங்கள் தேர்ந்தெடுக்கும் மொழி, மற்றொன்று ஆங்கிலம். ஒவ்வொன்றுக்கும் 300 மதிப்பெண். அதில் 25 விழுக்காடு, அதாவது 75 மதிப்பெண், பெற வேண்டும். இவை தகுதித் தாள்கள் என்பதால் தரவரிசையில் சேர்வதில்லை. ஆனால் இவற்றில் ஒன்றில் தவறினாலும் மற்ற ஏழு தாள்களின் மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படாது. எஞ்சிய ஏழு தாள்களுக்கும் தலா 250 மதிப்பெண்: கட்டுரைத் தாள் ஒன்று, பொதுப் பாடத் தாள்கள் நான்கு, விருப்பப் பாடத் தாள்கள் இரண்டு. ஒவ்வொரு தாளுக்கும் மூன்று மணி நேரம்.

முதல் படி: பாடத்திட்டமும் பழைய வினாத்தாள்களும்

தேர்வாணையம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிவிக்கையின் பின்னிணைப்பில் பாடத்திட்டம் இருக்கிறது. நான்கு பொதுப் பாடத் தாள்களுக்கும் சேர்த்து அது சில பக்கங்களே. அதை ஒரு நோட்டுப் புத்தகத்தில் உங்கள் கையால் எழுதுங்கள். ஒவ்வொரு வரிக்கும் ஒரு பக்கத்தை ஒதுக்குங்கள். பிறகு, இப்போதுள்ள தேர்வு முறை நடைமுறைக்கு வந்த 2013 முதல் இதுவரையிலான முதன்மைத் தேர்வு வினாத்தாள்களைத் தேர்வாணையத்தின் இணையதளத்திலிருந்து பதிவிறக்கிக்கொள்ளுங்கள். அவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஒவ்வொரு கேள்வியும் பாடத்திட்டத்தின் எந்த வரியிலிருந்து பிறந்தது என்று பார்த்து, அந்தப் பக்கத்தில் எழுதுங்கள். இந்த வேலைக்கு இரண்டு வாரங்கள் ஆகும். எதையும் படிக்காமல் இரண்டு வாரங்கள் போகிறதே என்று பதற்றமாக இருக்கும். ஆயினும் பயிற்சிக் காலம் முழுவதிலும் இதைவிடப் பயன் தரும் இரண்டு வாரங்கள் உங்களுக்கு வாய்க்காது என்பது என் உறுதியான கருத்து.

இதைச் செய்து முடிக்கும்போது, எந்த வரியிலிருந்து ஆண்டு தவறாமல் கேட்கிறார்கள், எந்த வரியை எப்போதாவதுதான் தொடுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, கேள்வியின் இயல்பு புரியும். உள்ளாட்சியை எடுத்துக்கொள்வோம். 73-ஆவது திருத்தம் நடைமுறைக்கு வந்த ஆண்டு 1993 என்பதும், பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள் உள்ளன என்பதும் முதல்நிலைத் தேர்வுக்குப் போதுமானவை. முதன்மைத் தேர்வோ, திருத்தம் வந்து முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் ஊராட்சிகளிடம் நிதியும் பணியாளர்களும் அதிகாரமும் ஏன் போதிய அளவு சென்று சேரவில்லை என்று கேட்கும். தகவல் தெரிந்திருப்பது அங்கே தொடக்கம்தான். காரணத்தையும் விளைவையும் மாற்று வழியையும் நீங்கள் சொல்லியாக வேண்டும்.

இரண்டாம் படி: பள்ளிப் பாடநூல்களில் அடித்தளம்

பொறியியலோ மருத்துவமோ வணிகவியலோ படித்துவிட்டு வருகிறவர்கள் பள்ளிப் பாடநூல்களைத் திரும்ப எடுக்கத் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை விட்டுவிடுங்கள். ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான என்.சி.இ.ஆர்.டி. நூல்களில் வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் ஆகியவற்றையும், பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளின் சமூகவியலையும் படியுங்கள். தமிழில் எழுத நினைப்பவர்கள் இவற்றோடு தமிழ்நாடு அரசின் பாடநூல்களையும் படிப்பது கட்டாயம் என்றே சொல்வேன். ‘பணவீக்கம்’, ‘கூட்டாட்சி’, ‘நிலச்சரிவு’, ‘நாடாளுமன்ற நிலைக்குழு’ போன்ற சொற்கள் சீரான கலைச்சொற்களாக அங்கேதான் கிடைக்கின்றன.

முதல் வாசிப்பில் குறிப்பெடுக்காதீர்கள். புதிதாகப் படிக்கும்போது எல்லாமே முக்கியமாகத் தெரியும். குறிப்பெடுத்தால் புத்தகம் முழுவதும் நோட்டுக்கு இடம் மாறும். ஒருமுறை கதைபோலப் படித்து முடித்துவிட்டு, பழைய கேள்விகளை எழுதி வைத்த நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை படிக்கையில் குறிப்பெடுங்கள். அதன்பின் ஒவ்வொரு பாடத்துக்கும் தரமான ஒரே ஒரு நூலை வைத்துக்கொண்டு அதைப் பலமுறை படிப்பதே நல்லது. அலமாரியில் நூல்கள் பெருகுவதைப் படிப்பு வளர்வதாக எண்ணிவிட வேண்டாம்.

மூன்றாம் படி: செய்தித்தாள்

நாளொன்றுக்கு ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் போதும். ஆங்கில நாளிதழ் ஒன்றும் தமிழ் நாளிதழ் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள். கட்சிகளுக்கு இடையிலான பூசல், தலைவர்களின் பேச்சு, குற்றச் செய்தி ஆகியவற்றைத் தாண்டிச் செல்லுங்கள். உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, புதிய சட்ட முன்வரைவு, நாடாளுமன்றக் குழு அறிக்கை, வேளாண்மை, நீர், நலவாழ்வு, அண்டை நாடுகள், அறிவியல் ஆகியவற்றில் நின்று படியுங்கள். ஒரு செய்தி பாடத்திட்டத்தின் எந்த வரியிலும் பொருந்தவில்லையென்றால் அது உங்களுக்கானது அன்று. பொருந்தினால், நாள்வாரியாக அல்லாமல் பொருள்வாரியாகக் குறித்து வையுங்கள்: ஒரு சிக்கலுக்கு ஒரு தாள், அதில் காரணம், தரவு, தொடர்புடைய சட்டம், அமைக்கப்பட்ட குழு, முன்வைக்கப்படும் தீர்வு. ஆண்டின் இறுதியில் நூறு, நூற்றைம்பது தாள்கள் சேரும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் கையில் எடுக்கத்தக்க நடப்பு நிகழ்வுத் தொகுப்பு அதுவே.

நான்காம் படி: பொதுப் பாடத் தாள்கள்

முதல் தாளில் இந்தியப் பண்பாடு, பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதலான இந்திய வரலாறு, விடுதலைக்குப் பிந்தைய நாட்டு ஒருங்கிணைப்பு, உலக வரலாறு, இந்தியச் சமூகம், புவியியல் ஆகியவை அடங்கும். இவற்றில் புதியவர்கள் அதிகம் தவறவிடுவது விடுதலைக்குப் பிந்தைய காலத்தை. பொட்டி ஸ்ரீராமுலு 1952-இல் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்தது, 1953-இல் ஆந்திரம் உருவானது, பசல் அலி ஆணையம், 1956-ஆம் ஆண்டின் மாநில மறுசீரமைப்புச் சட்டம் என்ற தொடரைப் படிக்கும்போது, மொழிவாரி மாநிலங்கள் நாட்டைப் பலவீனப்படுத்தினவா, பலப்படுத்தினவா என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். சமூகம் பற்றிய பகுதிக்குத் தனி நூல் தேவையில்லை. சாதி, பெண்கள், நகரமயமாதல், உலகமயமாதல் ஆகியவற்றில் ஒவ்வொன்றுக்கும் நீங்கள் கண்ணால் கண்ட ஓர் எடுத்துக்காட்டையும் அரசு வெளியிட்ட ஒரு தரவையும் இணைத்து எழுதப் பழகினால் போதும்.

இரண்டாம் தாள் அரசமைப்பு, ஆட்சி முறை, சமூக நீதி, பன்னாட்டு உறவுகள் பற்றியது. ஒழுங்காகப் படித்தவருக்கு உறுதியாகப் பலன் தரும் தாள் இதுவே. ஆகவே இதில் அதிக நேரம் செலவிடுங்கள். அரசமைப்பின் மூல வாசகத்தையே வாங்கிப் படியுங்கள்; தமிழ் மொழிபெயர்ப்பும் கிடைக்கிறது. உறுப்புகளைத் தனித்தனியாக மனப்பாடம் செய்வதைவிட, ஒவ்வோர் உறுப்போடும் தொடர்புடைய வழக்கு, ஆணையம், நடப்புச் சிக்கல் என்று சங்கிலியாகக் கோத்துப் படிப்பது சிறந்தது. மாநிலங்களில் குடியரசுத் தலைவர் ஆட்சி பற்றிய உறுப்பு 356-ஐ எடுத்துக்கொண்டால், அதன் வாசகத்திலிருந்து, ஒன்றிய–மாநில உறவை ஆராய 1983-இல் அமைக்கப்பட்ட சர்க்காரியா ஆணையத்துக்கும், அங்கிருந்து 1994-ஆம் ஆண்டின் எஸ்.ஆர். பொம்மை வழக்கின் தீர்ப்புக்கும், பின்னர் 2010-இல் அறிக்கை அளித்த பூஞ்சி ஆணையத்துக்கும் சென்று, ஆளுநரின் பங்கு பற்றிய இன்றைய விவாதத்தில் வந்து நில்லுங்கள். ஒன்றிய–மாநில உறவு பற்றி எழுதும்போது, தமிழ்நாடு அரசு 1969-இல் அமைத்த இராஜமன்னார் குழுவைக் குறிப்பிடுவது பொருத்தம். நாட்டிலேயே ஒரு மாநில அரசு இப்பொருளை முறையாக ஆராயச் செய்த முன்னோடி முயற்சி அது. நம் மாணவர்களே அதை மறந்துவிடுவது எனக்கு வருத்தம் தருகிறது. கேசவானந்த பாரதி (1973), மேனகா காந்தி (1978), மினர்வா மில்ஸ் (1980), விசாகா (1997), புட்டசாமி (2017) ஆகிய வழக்குகளில் ஒவ்வொன்றும் எந்தக் கேள்வியை எழுப்பியது, என்ன விடை கிடைத்தது என்று மூன்று வரிகளில் எழுதத் தெரிந்திருக்க வேண்டும்.

பன்னாட்டு உறவுகளில் அண்டை நாடுகளிலிருந்து தொடங்குங்கள். இராமேசுவரத்திலோ நாகப்பட்டினத்திலோ வளர்ந்தவருக்குப் பாக் நீரிணை மீனவர் சிக்கல் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதன்று. ஆனால் விடைத்தாளில் அதை எழுதும்போது 1974, 1976-ஆம் ஆண்டுகளின் கடல் எல்லை ஒப்பந்தங்கள், இழுவை மடியால் கடல்வளத்துக்கு ஏற்படும் கேடு, இலங்கையின் வடபகுதித் தமிழ் மீனவர்களின் வாழ்வாதாரம், ஆழ்கடல் மீன்பிடிப்பு என்ற மாற்று வழி ஆகிய எல்லாப் பக்கங்களையும் சொல்ல வேண்டும். உள்ளூர் அறிவு வலிமைதான். ஒரு தரப்பின் குரலாக மட்டும் ஒலித்தால் அதுவே குறையாகிவிடும்.

மூன்றாம் தாள் பொருளாதாரம், வேளாண்மை, அறிவியல் தொழில்நுட்பம், சுற்றுச்சூழல், பேரிடர் மேலாண்மை, உள்நாட்டுப் பாதுகாப்பு என்று பரந்து விரிந்தது. நடப்புச் செய்திகளோடு இணைத்துப் படிக்க வேண்டிய தாள் இது. பள்ளிப் பாடநூலில் அடிப்படைக் கருத்துகளைத் தெளிவாக்கிக்கொண்ட பிறகு, ஒவ்வோர் ஆண்டும் நிதிநிலை அறிக்கைக்கு முன்னால் வெளியாகும் பொருளாதார ஆய்வறிக்கையில் முக்கியமான இயல்களைப் படியுங்கள். நிதிநிலை அறிக்கையை எப்படி அணுகுவது என்று கேட்பவர்களிடம் ‘இயற்றலும் ஈட்டலும் காத்தலும் காத்த வகுத்தலும் வல்லது அரசு’ என்ற குறளை நினைவில் கொள்ளச் சொல்வேன். வருவாய்க்கான வழிகளை உருவாக்குதல், திரட்டுதல், பாதுகாத்தல், பகிர்ந்தளித்தல் என்ற நான்கு தலைப்புகளில் எந்த ஆண்டின் அறிக்கையையும் குறிப்பாக்கிவிடலாம். பேரிடர் பகுதிக்கு 2004 ஆழிப்பேரலை, 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம், 2015 சென்னை வெள்ளம், 2015 முதல் 2030 வரைக்கான செண்டாய் கட்டமைப்பு ஆகியவற்றை அடித்தளமாகக் கொள்ளலாம்.

நான்காம் தாள் அறவியல். இதற்குப் படிப்பு தேவையில்லை, பொது அறிவே போதும் என்று பலர் சொல்வதை நம்பாதீர்கள். தாளின் ஏறத்தாழ பாதி மதிப்பெண் நிகழ்வு ஆய்வுக் கேள்விகளுக்கு, அதாவது ஒரு சூழலைத் தந்து என்ன செய்வீர்கள் என்று கேட்பவற்றுக்கு, உரியது. நேர்மை, நடுநிலை, பரிவு, பொறுப்புடைமை, உணர்வுசார் நுண்ணறிவு, மனப்பான்மை போன்ற சொற்கள் ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கமும் நிர்வாகத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டும் எழுதி வையுங்கள். இரண்டாவது நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் ஆட்சியில் அறநெறி பற்றி 2007-இல் அளித்த நான்காவது அறிக்கையைக் கட்டாயம் படியுங்கள். நிகழ்வு ஆய்வில் முதலில் யார் யார் பாதிக்கப்படுகிறார்கள், எந்த விழுமியங்கள் மோதுகின்றன, சட்டம் என்ன சொல்கிறது, எத்தனை வழிகள் உள்ளன என்று எழுதி, அவற்றில் ஒன்றைத் துணிந்து தேர்ந்தெடுத்துக் காரணம் சொல்லுங்கள். ‘மேலதிகாரியிடம் கேட்பேன்’ என்று முடிக்கும் விடையில் அதிகாரியாகப் போகிறவரின் முகம் தெரியாது.

ஐந்தாம் படி: விருப்பப் பாடம்

1,750-இல் 500 மதிப்பெண் விருப்பப் பாடத்துக்கு உரியது. மொத்தம் 48 பாடங்கள் உள்ளன. அவற்றில் 23 மொழி இலக்கியங்கள். புவியியல், சமூகவியல், மானுடவியல், அரசியல் அறிவியல், பொது நிர்வாகம் ஆகியவற்றைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். சென்ற ஆண்டு எந்தப் பாடத்தில் அதிகம் பேர் வென்றார்கள் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது சரியான வழியன்று. ஐந்து பாடங்களின் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள்களையும் எடுத்துக்கொண்டு, எந்தக் கேள்விகளைப் படிக்கும்போது மேலும் அறிய வேண்டும் என்று தோன்றுகிறது எனப் பாருங்கள். ஓராண்டுக் காலம் தினமும் இரண்டு மூன்று மணி நேரம் அந்தப் பாடத்தோடு வாழப்போகிறீர்கள். பிடிக்காத பாடத்தோடு அது முடியாது. பட்டப்படிப்பில் படித்த பாடம் பிடித்திருந்தால் அதுவே நல்லது.

தமிழ் இலக்கியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இதற்குத் தமிழ்ப் பட்டம் தேவையில்லை. ஆனால் தமிழ் தெரியும் என்பது மட்டும் போதாது. முதல் தாள் மொழி வரலாறு, இலக்கிய வரலாறு, திறனாய்வு, நாட்டார் வழக்காறு, பண்பாடு பற்றியது. இரண்டாம் தாள் மூல நூல்களை நேரடியாகப் படித்தவர்களுக்கானது. குறுந்தொகையின் முதல் 25 பாடல்கள், புறநானூற்றின் 182 முதல் 200 வரையிலான பாடல்கள், திருக்குறளில் இறைமாட்சி முதல் அவையஞ்சாமை வரை, சிலப்பதிகாரத்தின் மதுரைக் காண்டம், கம்பராமாயணத்தின் கும்பகருணன் வதைப் படலம், திருப்பாவை, பாரதியாரின் கண்ணன் பாட்டு ஆகியவை அதில் உள்ளவற்றில் சில. பாடல்களை உரையோடு படித்து, திணை, துறை, உவமை, பாடியவரின் நோக்கு என்று எழுதிப் பழக வேண்டும். ‘உண்டால் அம்ம இவ்வுலகம்’ என்று தொடங்கும் 182-ஆம் புறப்பாட்டும் ‘யாதும் ஊரே யாவரும் கேளிர்’ என்ற 192-ஆம் பாட்டும் இந்தப் பகுதிக்குள்ளேயே இருப்பதால், இதற்காகப் படிப்பது கட்டுரைத் தாளுக்கும் அறவியல் தாளுக்கும் சேர்த்துப் பயன்படும். இப்பாடத்துக்கு விடைகளைத் தமிழிலேயே எழுத வேண்டும்.

எந்த மொழியில் எழுதுவது

கட்டுரை, பொதுப் பாடம், விருப்பப் பாடம் ஆகியவற்றை ஆங்கிலத்திலோ, எட்டாவது அட்டவணையில் உள்ள தமிழ் உள்ளிட்ட எந்த மொழியிலோ எழுதலாம். 2013-இல் வட்டார மொழிகளில் எழுதுவதற்குக் கட்டுப்பாடுகள் விதித்து வெளியான அறிவிக்கை, நாடாளுமன்றத்தில் எழுந்த கடும் எதிர்ப்புக்குப் பின் திருத்தப்பட்டது. அதனால் நிலைபெற்ற உரிமை இது. ஆயினும் வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே அச்சிடப்படுகிறது. முதல்நிலைத் தேர்வுக்கும் இதே நிலைதான். ஆகவே தமிழில் எழுதுகிறவரும் ஆங்கிலத்தில் படித்துப் புரிந்துகொள்ளும் திறனை வளர்த்துக்கொண்டே ஆக வேண்டும். ‘டிஸ்கஸ்’ என்றால் இரு தரப்பையும் எடுத்துரைத்து முடிவு சொல்ல வேண்டும், ‘எக்ஸாமின்’ என்றால் கூற்றின் அடிப்படையை ஆராய வேண்டும், ‘கிரிட்டிக்கலி’ என்ற சொல் சேர்ந்தால் குறைநிறைகளை எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பன கைப்பழக்கமாக வேண்டும்.

தமிழில் எழுதுவோர் கலைச்சொற்களுக்கு மட்டும் ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் தரத் தேர்வாணையத்தின் விதி இடமளிக்கிறது. அந்தச் சலுகையை மீறிப் பயன்படுத்தினால் மதிப்பெண் குறைக்கப்படும் என்றும் அதே விதி சொல்கிறது. பொதுப் பாடங்களைத் தமிழில் எழுதுகிறவர் விருப்பப் பாடத்தை மட்டும் ஆங்கிலத்தில் எழுதவும் அனுமதி உண்டு. எந்த மொழியில் உங்களுக்குச் சிந்தனை தடையின்றி ஓடுகிறதோ, அந்த மொழியில் எழுதுங்கள். தமிழ்ப் பற்று காரணமாகவோ ஆங்கிலத்தின் மீதான மதிப்புக் காரணமாகவோ இதைத் தீர்மானிக்க வேண்டாம். ஒரே கேள்விக்கு இரு மொழிகளிலும் விடை எழுதி, இரண்டையும் ஒருவாரம் கழித்து எடுத்துப் படித்துப் பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

மொழித் தகுதித் தாள்களுக்கு வாரம் ஒரு மணி நேரம் போதும். கட்டுரை, பத்தியைப் படித்து விடையளித்தல், சுருக்கி வரைதல், மொழிபெயர்ப்பு, மொழிப் பயன்பாடு ஆகியவையே தமிழ்த் தாளின் பகுதிகள். பள்ளியில் தமிழை மொழிப் பாடமாகப் படிக்காதவர்கள் இதை எளிதாக எண்ணிவிடக் கூடாது; தமிழ் பேசத் தெரிந்தும் மூன்று மணி நேரம் பிழையின்றி எழுத முடியாமல் தவித்தவர்கள் உண்டு.

கட்டுரைத் தாளில் இரண்டு கட்டுரைகள், தலா 125 மதிப்பெண். ஒவ்வொன்றும் 1,000 முதல் 1,200 சொற்கள். அண்மை ஆண்டுகளில் மெய்யியல் சாயல் கொண்ட ஒற்றை வரித் தலைப்புகளே பெரும்பாலும் வருகின்றன. பதினைந்து நிமிடம் தலைப்பைப் பற்றிச் சிந்தித்து, தனிமனிதர், குடும்பம், சமூகம், அரசு, உலகம் என்று அதைப் பல தளங்களில் வைத்துப் பார்த்துக் குறிப்பெழுதிவிட்டுத் தொடங்குங்கள். மாதம் இரண்டு கட்டுரைகள் எழுதினால் ஓராண்டில் கை பழகிவிடும்.

ஆறாம் படி: விடை எழுதுதல்

இதைக் கடைசியில் சொன்னாலும், செய்ய வேண்டியது இரண்டாம் மாதத்திலிருந்தே. முதல் மூன்று பொதுப் பாடத் தாள்களில் 20 கேள்விகள் இருக்கும்: 150 சொற்களில் எழுத வேண்டிய 10 மதிப்பெண் கேள்விகள் பத்து, 250 சொற்களில் எழுத வேண்டிய 15 மதிப்பெண் கேள்விகள் பத்து. இருப்பதோ 180 நிமிடங்கள். சிறிய கேள்விக்கு ஏழு நிமிடம், பெரியதற்குப் பதினொரு நிமிடம் என்று வகுத்தால் கணக்கு சரியாக முடியும். ஒரு நிமிடமும் மிஞ்சாது. ஆகவே தேர்வு அறையில் யோசித்து எழுத நேரம் கிடைக்காது. யோசனையெல்லாம் முன்கூட்டியே முடிந்திருக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, மாநிலங்களுக்கு இடையேயான நதிநீர்ச் சச்சரவுகளைத் தீர்ப்பதில் நடுவர் மன்ற முறை எந்த அளவுக்கு வெற்றி பெற்றுள்ளது என்று ஒரு பயிற்சிக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். புதியவர் காவிரியின் பெருமையோடு தொடங்கி, இரண்டு பத்திகளை அதிலேயே செலவழிப்பார். தேவையான முன்னுரை இரண்டே வரிகள்: அரசமைப்பின் உறுப்பு 262-உம் அதன்கீழ் வந்த 1956-ஆம் ஆண்டுச் சட்டமும். அடுத்து நடுவர் மன்ற முறையின் நன்மை: நீதிமன்றத்தில் இல்லாத தொழில்நுட்ப அறிவு, விரிவான விசாரணை. அதன் பின் குறை, சான்றோடு: காவிரி நடுவர் மன்றம் அமைந்தது 1990-இல், இறுதித் தீர்ப்பு 2007-இல், அது அரசிதழில் வெளியானது 2013-இல். பின்னர் உச்ச நீதிமன்றம் 2018-இல் தமிழ்நாட்டின் பங்கை 419-இலிருந்து 404.25 டி.எம்.சி. ஆக மாற்றியது, அதே ஆண்டில்தான் மேலாண்மை ஆணையம் உருவானது. இருபத்தெட்டு ஆண்டுகள் என்ற ஒற்றைக் கணக்கு ஒரு பத்தி விளக்கத்துக்குச் சமம். கடைசியாக மாற்று வழி: விசாரணைக்குக் கால வரம்பு, 2019-இல் மக்களவை நிறைவேற்றிய மசோதா முன்மொழிந்த ஒரே நிரந்தர நடுவர் மன்றம், இரு மாநிலங்களும் நம்பக்கூடிய நீர் அளவீட்டுத் தரவு, பற்றாக்குறை ஆண்டுக்கான பகிர்வு வாய்பாடு. இவ்வளவும் 250 சொற்களில் அடங்கும். எழுதிப் பார்த்தால்தான் எதை விட வேண்டும் என்பது தெரியும்.

தொடக்கத்தில் நாளுக்கு ஒரு விடை, நூலைப் பார்த்தே எழுதினாலும் தவறில்லை. மூன்றாம் மாதத்தில் நாளுக்கு இரண்டு, நூலைப் பார்க்காமல், கடிகாரத்தோடு. எழுதியதை நீங்களே திருத்துவதோடு நிற்காமல் உடன் படிக்கும் ஒருவரிடமும் கொடுங்கள். கேள்வி கேட்ட எல்லாப் பகுதிகளுக்கும் விடை இருக்கிறதா, சொன்ன ஒவ்வொரு கருத்துக்கும் சான்று இருக்கிறதா, கையெழுத்தைப் படிக்க முடிகிறதா என்ற மூன்றை மட்டும் அவர் பார்த்தால் போதும்.

காலத் திட்டமும் உதவிகளும்

2025-இல் முதல்நிலைத் தேர்வு மே 25 அன்றும் முதன்மைத் தேர்வின் தொடக்கம் ஆகஸ்ட் 22 அன்றும் அமைந்தன. இடையில் இருந்தவை 89 நாள்கள். அதற்குள் ஒரு விருப்பப் பாடத்தைப் புதிதாகப் படித்து முடிப்பது நடக்காத செயல். எனவே முந்தைய ஆண்டு ஜூன், ஜூலையில் தொடங்குகிறவர், டிசம்பர் முடிவதற்குள் விருப்பப் பாடத்தை முழுமையாகவும் பொதுப் பாடங்களை ஒருமுறையும் முடித்துவிட வேண்டும். பிப்ரவரி முதல் முதல்நிலைத் தேர்வுக்கு மட்டும் நேரத்தை ஒதுக்குங்கள். கணக்கும் திறனறிவும் சோதிக்கும் அதன் இரண்டாம் தாளில் 33 விழுக்காடு பெறுவது கட்டாயம் என்பதால், கணக்கை விட்டு நாளாகிவிட்ட கலைப்பிரிவு மாணவர்கள் அதற்கும் நாள்தோறும் அரை மணி நேரம் தர வேண்டும்.

பணம் கட்டிப் பயிற்சி பெற முடியாதவர்களுக்குத் தமிழ்நாட்டில் வழிகள் உண்டு. சென்னையில் தமிழ்நாடு அரசு நடத்தும் அகில இந்தியக் குடிமைப் பணித் தேர்வுப் பயிற்சி மையம், நுழைவுத் தேர்வின் மூலம் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, தங்கிப் படிக்க வசதி செய்கிறது. நான் முதல்வன் திட்டத்தின்கீழ் 2023 முதல், மதிப்பீட்டுத் தேர்வில் தேர்ந்தெடுக்கப்படும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் பத்து மாதங்களுக்கும், முதல்நிலையில் வெற்றி பெறுவோருக்கு 25,000 ரூபாயும் ஊக்கத்தொகையாக வழங்கப்படுகிறது. சென்னை கோட்டூர்புரத்தின் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் மதுரையின் கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் போட்டித் தேர்வு மாணவர்கள் நாள் முழுவதும் அமர்ந்து படிக்கலாம். விடைகளைத் திருத்திக்கொள்ளத் துணையும் பெரும்பாலும் அங்கேயே கிடைத்துவிடும்.

முதல்நிலைத் தேர்வு முடிந்த மறுநாள், முடிவுக்காகக் காத்திருக்காமல் முதன்மைத் தேர்வுக்குத் திரும்புங்கள். தேர்வு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலும் பிற்பகல் இரண்டரை முதல் ஐந்தரை வரையிலும் நடைபெறுவதால், வாரத்தில் ஒரு நாளாவது அதே நேரத்தில் அமர்ந்து, காலையில் ஒன்றும் பிற்பகலில் ஒன்றுமாக இரண்டு முழுத் தாள்களை எழுதுங்கள். ஒரே நாளில் ஆறு மணி நேரம் எழுதும்போது கையில் வலி தெரியும்; ஐந்தாவது வாரத்துக்குள் அந்த வலி பழகிவிடும்.